மகனை விடுதியில் விடுமுன்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: மகனை விடுதியில் விட்டுப் படிப்பிப்போமா? காணியும் கிணறும் கைவிட்டுப்போய், கூலிவேலைக்கு ஊரூராய் அலையும் தகப்பன், "பொடியனாவது ஓரிடத்தில் இருந்து படிக்கட்டும்" என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலும் மக்கள் பெயர்ந்தபோது எத்தனையோ சிறுவர்கள் இப்படித்தான் திருச்சபையினதும் பிறரதும் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றபின்னும், காணி திரும்பக் கிடைக்காத வீடுகளிலும், கிடைத்தும் கால் ஊன்ற முடியாத வீடுகளிலும் இந்தக் கேள்வி ஓயவில்லை.

விடுதியைப் பார்க்கப் போகும் பெற்றார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனைபேர் சித்தியடைந்தார்கள் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால், எட்டு வயதுப் பிள்ளை இரவில் எப்படி நித்திரை கொள்கிறான் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியைத் தம் சொந்தப் பிள்ளைகளை வைத்தே நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்கள் எம்மைப்போல வறியவர்கள் அல்லர். இங்கிலாந்தின் வசதி படைத்த குடும்பத்தவர். அவர்கள் நடத்திய பாடசாலைகளின் கதையைச் சற்று விரிவாகச் சொல்வோம். ஏனெனில் பிள்ளையின் மனம் பணக்கார வீட்டிலும் ஓலைக் கொட்டிலிலும் ஒரே மாதிரித்தான் நோகும்.

அங்கே ஏழு அல்லது எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை ஆண்பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளை ஆயத்தப் பாடசாலைகள் என்பார்கள். பெரிய தனியார் கல்லூரிகளில் சேர்வதற்கு ஆயத்தம் செய்வது அவற்றின் வேலை. அந்தக் கல்லூரிகளின் பொது நுழைவுப் பரீட்சை 1904இல் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாடசாலைகள் பெருகியதற்கு ஒரு காரணம் ஏகாதிபத்தியம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரத் தகப்பன்மார், வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எம்மை ஆள வந்தவர்களும் இப்படியான பாடசாலைகளில் வளர்ந்தவர்களே. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் கடமை தொடங்கிய லெனாட் வூல்ப், பிறைற்றன் நகருக்கு அருகே ஓர் ஆயத்தப் பாடசாலையில் படித்தவர்.

பெரும்பாலான ஆயத்தப் பாடசாலைகள் அக்காலத்தில் அதிபரின் சொந்தச் சொத்தாக இருந்தன. அவரும் மனைவியும் பிள்ளைகளோடு ஒரே கட்டடத்தில் வாழ்ந்தார்கள். அதிபர் நல்லவரானால் பிள்ளைகளுக்கு இன்னொரு வீடு கிடைத்தது. அவர் கொடியவரானால் அவருக்கு மேலே முறையிட ஒருவருமில்லை. எல்லாமே ஒரு மனிதரின் குணத்தில் தங்கியிருந்தது.

ஜோர்ஜ் ஓர்வெல் என்ற எழுத்தாளரை அறிந்திருப்பீர்கள். அவரது இயற்பெயர் எரிக் பிளெயர். தகப்பன் இந்தியாவில் அரசாங்க உத்தியோகத்தர். 1911இல், எட்டு வயதில், ஈஸ்ற்போண் என்ற கடற்கரை நகரிலுள்ள ஓர் ஆயத்தப் பாடசாலையில் அவரைச் சேர்த்தார்கள். சேர்ந்து ஓரிரு வாரங்களிலேயே படுக்கையில் சலம் போகத் தொடங்கியது. வீட்டில் அந்தப் பழக்கத்தை விட்டு வெகுகாலமாகியிருந்தது. முதலில் எச்சரித்தார்கள். பிறகு அதிபர் குதிரைச் சவுக்கால் அடித்தார். அடி நோகவில்லை என்று சிறுவன் வெளியே சொல்லிவிட, மீண்டும் அழைத்து, சவுக்கின் பிடி முறியும்வரை அடித்தார். இதைப் பின்னாளில் எழுதிய ஓர்வெல், அடியின் நோவைவிட வேறொன்றே தம்மை வாட்டியது என்கிறார். தான் விரும்பாமல், தன்னால் தடுக்க முடியாமல், நித்திரையில் நடக்கும் ஒன்றுக்காகத் தான் குற்றவாளி ஆகிவிட்டேன் என்ற எண்ணமே அது. அந்தக் கட்டுரை அவர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1952இல்தான் அச்சில் வந்தது. அவருடன் படித்தவர்களில் சிலர், பாடசாலை அவ்வளவு மோசமில்லை என்று மறுத்துமிருக்கிறார்கள். இருக்கலாம். ஒரே விடுதியில் ஒரு பிள்ளை மலர்வதும் இன்னொரு பிள்ளை வாடுவதும் நாமும் காணாத ஒன்றல்ல.

இன்று மருத்துவர்கள் சொல்வது தெளிவானது. எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று படுக்கையை நனைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேலாக நனைக்காதிருந்த பிள்ளை திடீரெனத் தொடங்கினால், பிரிவு, பயம், இடமாற்றம் என்பவை காரணமாகலாம். சலத்தில் கிருமித்தொற்று, மலச்சிக்கல், நீரிழிவு என்பனவும் காரணமாகலாம். ஆகவே வைத்தியரிடம் காட்டுவது நல்லது. விடுதி நடத்துபவர் செய்யக்கூடியது எளிது. மாற்றுப் பாயும் சாரமும் பிள்ளை தானே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும். நனைந்ததை ஒருவரும் காணாமல் தோய்க்க வழி இருக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய விடக்கூடாது. முற்றத்துக் கொடியில் எல்லாரும் காண அந்தப் பாயைத் தூக்கிப் போடும் விடுதியில், சவுக்கு இல்லாமலே அதே அடி விழுகிறது.

ஓர்வெல் சொன்ன இன்னொன்று எம்மவருக்கு மிகவும் பொருந்தும். அவரைக் குறைந்த கட்டணத்தில் சேர்த்திருந்தார்கள். கெட்டிக்காரப் பையன், பரீட்சையில் வென்று பாடசாலைக்குப் பேர் வாங்கித் தருவான் என்ற கணக்கு. ஆனால் வேண்டிய நேரமெல்லாம், "நீ எங்கள் தயவில் வாழ்பவன்" என்று நினைவூட்டினார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்கு அடி விழுவதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். எமது விடுதிகளிலுள்ள இடம்பெயர்ந்த பிள்ளைகளில் அநேகர் கட்டணம் இல்லாமல், அல்லது வெளிநாட்டு உபகாரிகளின் உதவியுடன் படித்தவர்கள், படிப்பவர்கள். "ஆர் காசிலை சாப்பிடுறாய் தெரியுமோ?" என்று ஒரு சமையற்காரரோ மேற்பார்வையாளரோ கோபத்தில் சொல்லும் ஒரு வார்த்தை, பத்து வயதுப் பையனின் நெஞ்சில் எத்தனை ஆண்டு கிடக்கும்! எந்தப் பிள்ளை காசு கட்டுகிறது, எது கட்டவில்லை என்பது அதிபருக்கும் கணக்கெழுதுபவருக்கும் அப்பால் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பது எமது உறுதியான கருத்து.

சிறுவர் கதைகள் எழுதிப் பேர்பெற்ற றோல்ட் டாலின் பட்டறிவு வேறு விதமானது. 1925இல் ஒன்பது வயதில் அவர் விடுதிக்குப் போனார். வீடு வேல்ஸ் பகுதியில். பாடசாலை கடற்கழிக்கு இக்கரையில். தகப்பனை ஏற்கெனவே இழந்த பிள்ளை. இரவில் எந்தக் கட்டிலில் படுத்தாலும், கடலுக்கு அப்பால் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே உறங்குவாராம். முதல் தவணையிலேயே வீட்டு நினைவு தாங்காமல், குடல்வால் அழற்சி வந்ததுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்தார். அவரது அக்காவுக்கு முன்பு அந்த நோய் வந்திருந்ததால் அறிகுறிகள் பாடம். பாடசாலை வைத்தியர் நம்பி வீட்டுக்கு அனுப்பினார். ஊரிலுள்ள குடும்ப வைத்தியர் நம்பவில்லை. ஆனால் அவர் பையனைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஏசவுமில்லை. வீட்டு நினைவுதான் நோய் என்று விளங்கிக்கொண்டு, இனி இப்படிச் செய்வதில்லை என்று வாக்கு வாங்கி, மூன்று நாள் வீட்டில் நிற்க வழிசெய்தார். வயிற்றுவலி, தலையிடி என்று அடிக்கடி வரும் பிள்ளையைக் "கள்ளன்" என்று துரத்துமுன், அந்த வைத்தியரை நினைத்துக்கொள்ளலாம்.

அப்பாடசாலையில் ஞாயிறு காலையில் எல்லாரும் வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டும். அதிபர் பின்னால் நடந்து, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை திருத்துவார். பிழை திருத்துவது ஒரு சாட்டு, பாடசாலையைப் பற்றிக் குறை எழுதாமல் பார்ப்பதே நோக்கம் என்று டால் பிற்காலத்தில் எழுதினார். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் நன்று என்றே எழுதினார்கள். தாய்மாரும் நம்பினார்கள். டாலின் தாயார் 1967இல் காலமானபின் பார்த்தால், மகன் எழுதிய அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களையும் கட்டுக்கட்டாக வைத்திருந்தாராம். அத்தனை அன்பான தாய்க்கும் உண்மை தெரியவில்லை.

எம்மவர் நிலையும் இதற்குத் தூரமில்லை. தகப்பன் பாதி நாள் கூலியை விட்டு, சைக்கிளில் ஒரு பை கச்சானும் கட்டிக்கொண்டு வருவார். விறாந்தையில் வாங்கு ஒன்று. பக்கத்தில் மேற்பார்வையாளர். "எப்பிடி மோனை, சுகமாய் இருக்கிறியோ?" "ஓம் அப்பா." "சாப்பாடு?" "நல்லம்." அவ்வளவுதான். பிள்ளை பொய் சொல்கிறான் என்று நாம் சொல்லவில்லை. தகப்பனின் கிழிந்த சேர்ட்டைப் பார்க்கிறான், அம்மாவின் கவலையை நினைக்கிறான், தன் பங்குக்கு ஒரு சுமையும் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்துவிடுகிறான். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெருந்தன்மை சீக்கிரம் வந்துவிடுகிறது. அதுவே ஆபத்து.

பிரிவு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை ஆங்கிலேயர் ஆழமாக ஆராயத் தொடங்கியது, அவர்களும் இடம்பெயர்ந்தபோதுதான். 1939 செப்ரெம்பர் முதலாம் திகதி தொடங்கி மூன்று நாட்களுக்குள், குண்டுவீச்சுக்குப் பயந்து, ஏறத்தாழப் பதினைந்து லட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். அதே ஆண்டு டிசெம்பரில் ஜோன் போல்பி, டொனால்ட் வினிகொற், இமானுவேல் மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள், மிகச் சிறிய பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது கேடு விளைக்கும் என்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எச்சரித்தார்கள். லண்டனில் போர்க்காலப் பிள்ளைகள் இல்லங்களை நடத்திய அன்னா புரொய்டும் டொறதி பேர்லிங்கமும் கண்டதும் அதுவே. குண்டு விழும்போது தாயின் மடியில் இருந்த பிள்ளை, பாதுகாப்பான இடத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளையைவிட மனதில் உறுதியாக இருந்தது. பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக்கொண்டு இருந்த எமது தாய்மாருக்கு இதை ஒருவரும் ஆராய்ந்து சொல்லத் தேவையில்லை.

போல்பியும் அவருடன் உழைத்த ஜேம்ஸ் றொபேட்சனும், வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட சிறு பிள்ளைகளை அவதானித்து, பிரிவில் மூன்று படிகளைக் கண்டார்கள். முதலில் பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் செய்யும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். கடைசியில் அமைதியாகி, சொன்னதைக் கேட்டு, தாய் வந்தாலும் பெரிதாகக் கவனிக்காமல் இருக்கும். தாதிமார் இந்த மூன்றாம் படியைப் பார்த்து, "இப்போது பழகிவிட்டான்" என்று மகிழ்ந்தார்கள். அது பழக்கமில்லை, நெஞ்சை மூடிக்கொண்ட நிலை என்று இவ்விருவரும் காட்டினார்கள். எட்டு வயதுப் பையன் இரண்டு வயதுக் குழந்தை அல்லன். அவனுக்கு விளக்கிச் சொன்னால் புரியும், நாள் எண்ணவும் தெரியும். ஆயினும் விடுதியில் அழுகிற பையனைவிட, வந்த நாள்தொட்டு அழாத, ஒரு தொல்லையும் தராத பையனையே அதிபர் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். சிறுவயதில் விடுதிக்குப் போய், வெளியே வெற்றிபெற்று, உள்ளே எவரோடும் நெருங்க முடியாமல் வாழும் பெரியவர்களைப் பற்றி ஜோய் ஷவேரியன் என்ற உளச்சிகிச்சையாளர் 2011இல் எழுதி, அந்நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்தார்.

அப்படியானால் எல்லா ஆயத்தப் பாடசாலைகளும் சிறைகளா? இல்லை. ஓர்வெல் அடிவாங்கிய அதே காலத்தில், ஒக்ஸ்போட் நகரின் டிறகன் பாடசாலையில் சார்ள்ஸ் லைனம் என்பவர் அதிபராக இருந்தார். 1886 முதல் 1920 வரை அவர் அதை நடத்தினார். பாய்மரப் படகில் நோர்வேக் கடல்வரை போய்வரும் மனிதர். பிள்ளைகள் அவரை "சேர்" என்று விறைத்து நின்று கூப்பிடாமல், படகுத் தலைவன் என்ற பொருளில் "ஸ்கிப்பர்" என்றே அழைத்தார்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் இப்படிப் பட்டப்பெயர்கள் இருந்தன. படிப்பு அதனால் குறையவில்லை. பட்டப்பெயரால் மரியாதை கெட்டுவிடும் என்று எம்மவர் அஞ்சுவார்கள். நாமும் அதை இங்கே புகுத்தச் சொல்லவில்லை. அதிபரின் கதவைத் தட்டப் பிள்ளைக்குக் கால் நடுங்குகிறதா இல்லையா என்பதே கேள்வி.

நல்ல அதிபரின் குணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அந்நாடு பின்னர்தான் ஏற்றது. அரசாங்கப் பாடசாலைகளில் 1987இலும், இங்கிலாந்து, வேல்ஸ் தனியார் பாடசாலைகளில் 1999இலுமே பிரம்படி சட்டத்தால் நின்றது. (எமது கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடல் தண்டனையைத் தடைசெய்தது. அச்சுற்றறிக்கை எல்லா வகுப்பறைகளுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.) 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், விடுதிப் பிள்ளைகளின் நலனைப் பேணும் கடமையைப் பாடசாலை மீது சுமத்தி, வெளியாட்கள் வந்து பரிசோதிக்க வழிசெய்தது. 2002 முதல் விடுதிகளுக்கான தேசியக் குறைந்தபட்ச நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் எமக்குப் பிடித்தது ஒன்று: பாடசாலையில் வேலை செய்யாத, அதிபருக்குக் கீழ்ப்படாத ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். கவலை வந்தால் பிள்ளை நேரே அவருடன் பேசலாம்.

இது ஏன் வேண்டும் என்பதற்கு எமது திருச்சபையிலேயே வேதனையான சான்று உண்டு. இங்கிலாந்தில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய இரு பிரபல பாடசாலைகளைப் பற்றி, அரசு அமைத்த விசாரணைக் குழு 2018 ஓகஸ்ற்றில் அறிக்கை வெளியிட்டது. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதையும், அவர்களுள் ஏழு வயதுச் சிறுவரும் இருந்ததையும், பிள்ளைகளின் பாதுகாப்பைவிடத் துறவியரின் நற்பெயரே பெரிதாக எண்ணப்பட்டதையும் அது எழுதி வைத்தது. இங்ஙனம் உடையணிந்த எம்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையே அங்கே மறைப்பாகப் பயன்பட்டது. ஆகவே, "சாமியார் நடத்தும் விடுதிதானே, கேள்வி கேட்பது மரியாதை இல்லை" என்று தயங்கும் பெற்றாருக்கு நாம் சொல்வது: கேளுங்கள். கேள்வியால் கோபப்படும் அதிபரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

என்ன கேட்பது? பிள்ளைகள் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் அங்கே யார் பொறுப்பு, பயந்து எழும்பும் பிள்ளை யாரைத் தட்டி எழுப்பலாம் என்று கேளுங்கள். சிறியவர்களும் பெரிய பையன்களும் ஒரே மண்டபத்திலா படுக்கிறார்கள்? மலசலகூடத்துக்கு இருட்டில் எவ்வளவு தூரம்? புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் வாரங்களில் துணையாக நல்ல மூத்த மாணவன் ஒருவனை விடுகிறார்களா? இங்கிலாந்தில் பல பாடசாலைகள் இதைச் செய்கின்றன, இதற்குக் காசு தேவையில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்பாரா? அடிப்பீர்களா என்றும் நேரே கேளுங்கள். புகையிலைக் கன்றைப் பிடுங்கி நடும்போது குழை மறைப்பு வைக்காமல் வெயிலில் விடுகிறோமா? பிள்ளைக்கும் முதல் மாதம்தான் வெயில். அந்த மாதத்தில் "வந்து குழப்பாதேங்கோ" என்று பெற்றாரைத் தடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடும்படி விடுதி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று இங்கிலாந்திலேயே ஏழு வயதில் முழுநேர விடுதிக்கு அனுப்புவது அருகிவிட்டது. பல ஆயத்தப் பாடசாலைகளில் பிள்ளைகள் வார இறுதியில் வீடு போகிறார்கள், அல்லது நாள்தோறும் வந்து போகிறார்கள். வசதி இருந்தும் அனுப்பியவர்கள் இப்போது தயங்குகிறார்கள். வசதியில்லாததால் அனுப்பும் நாம் இதைக் கவனிக்கவேண்டும். கிராமத்துப் பாடசாலையில் பெறுபேறு குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை விடுதியில் விடவேண்டாம் என்பது எமது ஆலோசனை. தாயோ தகப்பனோ இல்லாத வீடு, தங்க இடமில்லாத குடும்பம், போக்குவரத்தே இல்லாத ஊர் என்றால் அது வேறு. அப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, "தொடர்ந்து இங்கே இருக்க விருப்பமா?" என்று பிள்ளையையே கேட்பது முறை.

பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த இலக்கத்தைப் பிள்ளைக்கும் பாடமாக்கிக் கொடுங்கள்.

தவணை விடுமுறைக்கு மகன் வரும்போது, வந்த அன்றே இருத்திவைத்து விசாரிக்கவேண்டாம். பையன்கள் முகத்துக்கு நேரே கேட்டால் "ஓம், நல்லம்" என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். தண்ணீர் மாறும்போதோ, புல்லுப் பிடுங்கும்போதோ, மாடு சாய்த்துக்கொண்டு வரும்போதோ பக்கத்தில் நின்று வேலை செய்யட்டும். மூன்றாம் நாலாம் நாள் அவனாகவே ஒரு சிநேகிதனின் கதைபோலத் தொடங்குவான். அப்போது மண்வெட்டியை நிறுத்தாமல், அவன் முகத்தைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டிருங்கள்.